சிப் செய்த தப்பும் கெர்னல் செய்யும் சமாளிப்பும்: வாசகர் கேள்வி–பதில்

ப்ராஸஸர் பிழைகள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் தமிழ் எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

சிலிக்கானில் செதுக்கிய சர்க்யூட்டில் தவறு என்றால் சிப்பை மாற்றுவதுதானே வழி? ஒரு அப்டேட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே, அது எப்படி?
— வாசகர், ஈரோடு

சரியாவதில்லை. தவறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

ப்ராஸஸரின் சிக்கலான கட்டளைகள் சில, உள்ளே மைக்ரோகோட் என்னும் சிறு நிரலாக ஓடுகின்றன. அதில் ஒட்டுப்போட கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையெழுத்துள்ள கோப்பை மட்டுமே அது ஏற்கும்.

இரண்டாவது, புதிதாகச் சேர்த்த வசதி சொதப்பினால் அணைத்துவிடலாம் என்று வடிவமைப்பாளர்களே உள்ளே ஒளித்துவைக்கும் சுவிட்ச். பொறியாளர்கள் இதைச் சிக்கன் பிட் என்கிறார்கள். 2023 ஜூலையில் கூகுளின் டாவிஸ் ஆர்மண்டி வெளியிட்ட ஜென்பிளீட் பிழை, ஏஎம்டியின் ஜென் 2 சிப்களில் ஒரு நிரலின் வெக்டர் ரெஜிஸ்டரில் (ப்ராஸஸருக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) கிடந்த தகவலை இன்னொரு நிரலுக்குக் கசியவிட்டது. திருத்திய மைக்ரோகோட் இன்னும் வந்து சேராத கணினி என்று கண்டால், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரின் 9ஆம் பிட்டை 1 ஆக்கிவிடும். கசிவு நிற்கும், சில வேலைகளில் வேகம் கொஞ்சம் குறையும்.

மூன்றாவது வழி முழுக்க மென்பொருள். பிழையைத் தூண்டும் கட்டளை வரிசையையே கம்பைலர் (நிரலை ப்ராஸஸர் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) உருவாக்காமல் இருக்கலாம். அல்லது பிழை தலைகாட்டும் முன்பே கட்டுப்பாடு தன் கைக்கு வரும்படி கெர்னல் நினைவகத்தை அடுக்கிவைக்கலாம். கெட்டிக்காரத்தனம் எல்லாம் இந்த மூன்றாவதில்தான். அடுத்த கேள்வியே அதற்கு நல்ல உதாரணம்.

பழைய பென்டியத்தை நான்கே பைட்டில் உறையவைக்கும் எஃப்00எஃப் பிழையைப் பற்றி வகுப்பில் பேசினோம். இன்டரப்ட் அட்டவணையை 'வாசிக்க மட்டும்' என்று மாற்றியதால் லினக்ஸ் தப்பித்தது என்றார் எங்கள் பேராசிரியர். ப்ராஸஸர் அட்டவணையை வாசிக்கத்தானே போகிறது? எழுதுவதைத் தடுத்தால் எப்படித் தப்பும்?
— கணினி அறிவியல் மாணவி, காரைக்குடி

நல்ல கேள்வி. அந்த நான்கு பைட்டையும் பிரித்துப் பார்ப்போம்: எஃப்0, 0எஃப், சி7, சி8. முதல் பைட், லாக் முன்னொட்டு. 'இந்தக் கட்டளை முடியும்வரை நினைவகப் பஸ்ஸை (தகவல் போகும் பாதையை) வேறு யாரும் தொடக்கூடாது' என்று பொருள். மீதி மூன்றும் சிஎம்பிஎக்ஸ்சிஎச்ஜி8பி என்ற கட்டளை. நினைவகத்தில் உள்ள 8 பைட்டை ஒப்பிட்டு மாற்றுவது அதன் வேலை. ஆனால் நினைவக முகவரி வர வேண்டிய இடத்தில் இங்கே இஏஎக்ஸ் ரெஜிஸ்டர் வந்திருக்கிறது. ஆக, செல்லாத கட்டளை. முறைப்படி ப்ராஸஸர் 6ஆம் எண் எக்ஸெப்ஷனை (தவறு நேர்ந்தது என்ற குறுக்கீட்டை) எழுப்ப வேண்டும், கெர்னல் அந்த நிரலை நிறுத்த வேண்டும்.

பென்டியமும் அதைத்தான் செய்யப் பார்த்தது, ஆனால் பூட்டைக் கழற்றாமல். 6ஆம் எக்ஸெப்ஷனுக்கு எங்கே போக வேண்டும் என்று பார்க்க இன்டரப்ட் அட்டவணையை வாசிக்கப் போகிறது. அந்த வாசிப்பும் பூட்டிய வாசிப்பாகவே போகிறது. பூட்டிய வாசிப்புக்கு ஜோடியாக ஒரு எழுத்து வந்தாக வேண்டும். அது வருவதே இல்லை. அப்படியே நிற்கும், ரீசெட் பொத்தானைத் தவிர வேறு கதியில்லை. நிர்வாகி உரிமை எதுவும் இல்லாத சாதாரணப் பயனரே இதைச் செய்யலாம் என்பதால்தான் 1997 நவம்பரில் பலர் பகிர்ந்து பயன்படுத்திய சர்வர்களின் நிர்வாகிகள் அவ்வளவு பதறினார்கள்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். பூட்டிய வாசிப்பை, பின்னால் எழுதப்போகிற வாசிப்பாகவே ப்ராஸஸர் நடத்துகிறது. ஆகவே அந்தப் பக்கத்துக்கு எழுத்து உரிமை உண்டா என்பதைப் பஸ்ஸுக்குப் போகும் முன்பே, நினைவகப் பக்கங்களின் உரிமைகளைக் குறித்துவைத்த பக்க அட்டவணையில் பார்த்துவிடுகிறது. உரிமை இல்லை என்றால் பேஜ் ஃபால்ட் என்னும் 14ஆம் எண் எக்ஸெப்ஷன். தொங்கிக்கொண்டிருந்த பழைய வேலை அங்கேயே கைவிடப்படுகிறது. 14ஆம் பதிவை எடுக்கும் வாசிப்பில் பூட்டு இல்லை என்பதால் அது தடையின்றி நடக்கும்.

மீதி வேலை பேஜ் ஃபால்ட் கையாளிக்கு. தடைபட்ட முகவரி சிஆர்2 ரெஜிஸ்டரில் இருக்கும். அதிலிருந்து அட்டவணையின் தொடக்க முகவரியைக் கழித்து, ஒரு பதிவுக்கு 8 பைட் என்பதால் 8ஆல் வகுத்துப் பார்க்கும். விடை 6 என்றால் இது உண்மையான பேஜ் ஃபால்ட் இல்லை, வேஷம் போட்டு வந்த செல்லாத கட்டளை. நிரலுக்கு, 'செல்லாத கட்டளை' என்று அறிவிக்கும் சிக்இல் சிக்னல் போகும். கணினி தன் பாட்டுக்கு ஓடும்.

இந்த உபாயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: சிஆர்0 ரெஜிஸ்டரில் டபிள்யூபி பிட் 1 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் கெர்னல் நிலையில் எழுத்துத் தடையை ப்ராஸஸர் கண்டுகொள்ளாது, உபாயம் பலிக்காது.

இன்டெல் முதலில் சொன்ன வழி வேறு. 0 முதல் 6 வரையிலான ஏழு பதிவுகளும், அதாவது 56 பைட், ஒரு பக்கத்தின் கடைசியில் முடியும்படி அட்டவணையை நகர்த்தி, அந்தப் பக்கத்தையே 'நினைவகத்தில் இல்லை' என்று குறிப்பது. வேலை செய்யும். ஆனால் பூஜ்யத்தால் வகுத்தல், டீபக்கரின் பிரேக்பாயின்ட் உட்பட ஏழு எக்ஸெப்ஷன்களும் பேஜ் ஃபால்ட்டாக உருமாறி வரும். கையாளி ஒவ்வொன்றையும் இனம் பிரித்து அனுப்ப வேண்டும். வாசிக்க-மட்டும் வழி அதைவிடச் சுத்தமானது.

செய்து பார்க்க ஆசைப்பட்டால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கியூஎமு போன்ற எமுலேட்டரில் கணினி உறையாது. அதில் பிழை இல்லையே! பென்டியமோ பென்டியம் எம்எம்எக்ஸோ அசலாக வேண்டும். பென்டியம் ப்ரோவில் இந்தப் பிழை கிடையாது.

1994இல் வந்த பென்டியம் வகுத்தல் பிழையையும் இப்படித்தான் சமாளித்தார்களா?
— வாசகர், நாகர்கோவில்

இல்லை, அங்கே கெர்னலின் கை கட்டப்பட்டிருந்தது. எஃப்00எஃப் பிழையில் ஒரு எக்ஸெப்ஷன் எழும், பிடித்துக்கொள்ளலாம். வகுத்தல் பிழையோ சத்தமே இல்லாமல் தப்பான விடையைத் தந்துவிட்டுப் போய்விடும். வகுத்தல் கட்டளையை மட்டும் தனியே மறிக்க ப்ராஸஸரில் வசதி இல்லை. சிஆர்0இல் இஎம் பிட்டைப் போட்டு, மிதவைப் புள்ளிக் கணக்கு முழுவதையும் மென்பொருளுக்குத் திருப்பலாம். விண்டோஸ் என்டியில் பென்ட்என்டி என்ற கட்டளை அதைத்தான் செய்தது. விடை சரியாக வரும், ஆனால் வேகம் படுத்துவிடும்.

ஆகவே நல்ல தீர்வு கம்பைலர் பக்கம் இருந்து வந்தது. வகுத்தலுக்கான அட்டவணையில் மதிப்பு இருக்க வேண்டிய 1066 கட்டங்களில் 5 காலியாகிவிட்டிருந்தன. வகுக்கும் எண்ணின் முன் பிட்டுகள் ஐந்து குறிப்பிட்ட வடிவங்களில் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் காலிக் கட்டத்தில் விழ வாய்ப்பு. அப்படிப்பட்ட எண் வந்தால் வகுபடும் எண், வகுக்கும் எண் இரண்டையும் 15/16ஆல் பெருக்கிவிட்டு வகுத்தார்கள். விடை மாறாது, பிட் வடிவம் மாறிவிடும். 53 பிட் எண்ணை 15ஆல் பெருக்கினால் 57 பிட்டுக்குள் அடங்கும். பென்டியத்தின் உள் ரெஜிஸ்டர் 64 பிட் கொள்ளும் என்பதால் துல்லியமும் போகாது.

சோதிக்க 4195835ஐ 3145727ஆல் வகுங்கள். சரியான விடை 1.33382 என்று தொடங்கும். பிழையுள்ள சிப்பில் 1.33373. அந்த 3145727ஐ இரும எண்ணாக எழுதிப் பாருங்கள்: 10, அதன் பின் இருபது 1கள். சும்மா எடுத்த எண் இல்லை.

சிப்பையும் மாற்றிக் கொடுத்தார்கள். இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலரைக் கணக்கில் எழுதியது.

செலரான் என்2840 போட்ட பழைய லேப்டாப்பில் உபுண்டு ஏற்றினேன். வீடியோ பார்க்கும்போதோ சும்மா திறந்து கிடக்கும்போதோ திடீரென்று உறைந்துவிடுகிறது. மவுஸ் நகராது, கேப்ஸ் லாக் விளக்குகூட எரியாது. ரேம் மாற்றியும் பயனில்லை.
— வாசகர், திருவாரூர்

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பே டிரெயில் குடும்பத்தின் பேர்பெற்ற நோயோடு பொருந்துகின்றன. என்2840, ஜே1900, ஆட்டம் இசட்3735 எல்லாம் அந்தக் குடும்பமே. வேலையில்லாதபோது ப்ராஸஸர் கோர் சி1, சி6, சி7 என்று ஆழ்ந்த தூக்க நிலைகளுக்குப் போகும். இன்டரப்ட் ஒன்றைக் கையாண்டுகொண்டிருக்கும்போதே கோர் சி6க்குப் போனால், 'இன்டரப்ட் முடிந்தது' என்ற செய்தி அனுப்பப்படாமல் போகலாம் என்று இன்டெலின் பிழைப் பட்டியலிலேயே ஒரு பதிவு இருக்கிறது. முடிந்ததாகச் செய்தி வராவிட்டால் அடுத்த இன்டரப்ட் காத்துக்கொண்டே இருக்கும்.

முதலில் தற்காலிகமாகச் சோதியுங்கள். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் முறை என்றால் ஷிஃப்ட்) அழுத்தினால் கிரப் பட்டியல் வரும். உபுண்டு வரியில் நின்று இ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு இதைச் சேருங்கள்:

இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1

எஃப்10 அழுத்தினால் கணினி தொடங்கும். அன்றாடம் உறைகிற கணினி என்றால் ஓரிரு நாளிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். தெரிந்தால் நிரந்தரமாக்கலாம்: இடிசி அடைவில் டிஃபால்ட் என்பதற்குள் கிரப் என்ற கோப்பைத் திறந்து, கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் வரியில் (இந்தப் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்) மேற்கோள் குறிக்குள் அதையே சேர்த்து, சூடோ அப்டேட்-கிரப் கொடுத்து, மறுபடி தொடங்குங்கள். ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் கோப்பைப் படித்தால் அது ஏறியதா என்று தெரியும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 1 போட்டால் கொஞ்சம் தடை, 0 போட்டால் முழுத் தடை என்று நினைத்து 0 போடுகிறார்கள். 0 என்றால் இன்டெல்_ஐடில் டிரைவரே விலகிக்கொள்ளும். அதன் இடத்தை ஏசிபிஐ டிரைவர் பிடிக்கும். அது தன் கணக்கில் ஆழ்ந்த நிலைகளுக்கு அனுப்பும். நோய் அப்படியே திரும்பிவிடும்.

விலை என்ன? பேட்டரி முன்னைவிடச் சீக்கிரம் தீரும், அடிப்பக்கம் சற்றுச் சூடாகும். அது பொறுக்கவில்லை என்றால் சி6 நிலைகளை மட்டும் அடைத்து சி7ஐ விட்டுவைக்கலாம். சிஸ் அடைவில் ஒவ்வொரு சிபியுவுக்கும் சிபியுஐடில் என்றொரு அடைவு, அதற்குள் ஸ்டேட்0, ஸ்டேட்1 என்று வரிசை இருக்கும். நேம் கோப்பில் சி6 என்று வரும் நிலைகளின் டிசேபிள் கோப்பில் 1 எழுதுங்கள். மறுதொடக்கத்தில் அழிந்துவிடும் என்பதால் தொடக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்டாக வைக்க வேண்டும்.

1 போட்டும் உறைந்தால் நோய் வேறு. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு இரவு ஓடவிடுங்கள். ஜர்னல்சிடிஎல் -பி -1 கொடுத்து, உறைவதற்கு முன் டிஸ்க் பிழை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பே டிரெயில் உறைவில் பதிவு எதுவுமே இல்லாமல் சட்டென்று நின்றிருக்கும்.

மைக்ரோகோட் அப்டேட் ஒரு முறை போட்டால் போதுமா? பயாஸ் அப்டேட்டும் தனியாகப் போட வேண்டுமா?
— கணினி பழுதுபார்ப்பவர், திருநெல்வேலி

மைக்ரோகோட் ஒட்டு ப்ராஸஸருக்குள் நிரந்தரமாகத் தங்காது. மின்சாரம் போனால் போயிற்று. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் மறுபடி ஏற்ற வேண்டும். பயாஸ் ஒரு பதிப்பை ஏற்றும். இயங்குதளத்திடம் அதைவிடப் புதியது இருந்தால் அது மேலே ஏற்றும். பயாஸ் அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய மதர்போர்டுகளுக்கு இயங்குதளம் ஏற்றுவதுதான் ஒரே வழி. விண்டோஸ் தன் அப்டேட்டோடு தானே கொண்டுவந்துவிடும். டெபியனில் இன்டெல்-மைக்ரோகோட் அல்லது ஏஎம்டி64-மைக்ரோகோட் தொகுப்பை நிறுவ வேண்டும். டெபியன் 12 முதல் அவை நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவில் இருக்கின்றன. அந்தப் பிரிவு சோர்சஸ் பட்டியலில் இல்லையென்றால் 'தொகுப்பு இல்லை' என்றுதான் ஏபிடி சொல்லும்.

நிறுவியதும் மறுதொடக்கம் அவசியம், சோம்பல்படாதீர்கள். காரணம் 2014 ஆகஸ்டில் தெரிந்தது. ஹேஸ்வெல் சிப்களில் நிரல்களின் பூட்டுகளை வேகப்படுத்தும் டிஎஸ்எக்ஸ் என்ற வசதி பிழையுள்ளது என்று கண்டுபிடித்து, மைக்ரோகோட் மூலம் அதையே அணைத்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அதை ஏற்றியபோது என்ன நடந்தது? லினக்ஸ் நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகம் நிரல் தொடங்கும்போதே 'டிஎஸ்எக்ஸ் இருக்கிறது' என்று பார்த்துக் குறித்துவைத்திருந்தது. நடுவில் வசதி மறைந்துவிட்டது. அடுத்த பூட்டுக்கு எக்ஸ்பிகின் கட்டளையைக் கொடுத்ததும் அது செல்லாத கட்டளை. நிரல்கள் சிக்இல் வாங்கிச் சாய்ந்தன. அதனால்தான் இன்று கெர்னல் தொடங்கும் முதல் கணங்களிலேயே, வேறெந்த நிரலும் எழும் முன், மைக்ரோகோட்டை ஏற்றுகிறார்கள். அதற்காக, கெர்னலோடு சேர்ந்து ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பின் தலையில் சுருக்கப்படாத ஒரு பகுதியாக அது ஒட்டப்பட்டிருக்கும். நீங்களே இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்குபவர் என்றால் அந்தப் பகுதி முதலில் வர வேண்டும், அதைச் சுருக்கக் கூடாது. தவறினால் பிழைச் செய்தி எதுவும் வராது. பழைய பதிப்பிலேயே ஓடும்.

சரிபார்க்க: ப்ராக் அடைவின் சிபியுஇன்ஃபோ கோப்பில் மைக்ரோகோட் என்ற வரியில் பதிப்பு எண் இருக்கும். நிறுவும் முன்பும் பின்பும் குறித்துக்கொள்ளுங்கள். வர்ச்சுவல் மெஷினுக்குள் இதையெல்லாம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏற்ற வேண்டியது அடியில் ஓடும் ஹோஸ்ட்டில்.

மிட்டிகேஷன்ஸ்=ஆஃப் போட்டால் பழைய கணினி வேகமாகும் என்று ஒரு யூடியூப் வீடியோ சொல்கிறது. போடலாமா?
— வாசகர், சேலம்

ப்ராஸஸர் பிழைகளுக்கு எதிராகக் கெர்னல் வைத்திருக்கும் தடுப்புகளை அணைக்கும் அமைப்பு அது. இணைய உலாவி ஓடும் கணினியில் போடாதீர்கள். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் முழுவதும் முன்பின் தெரியாதவர் எழுதியது.

2018 ஜனவரி 3இல் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் பிழைகள் வெளியாயின. மெல்ட்டவுன் பாதித்த இன்டெல் சிப்களில், கெர்னல் நினைவகத்தைத் தொட உரிமை உண்டா என்று பார்த்து முடிக்கும் முன்பே, ஊக அடிப்படையில் ஓடும் கட்டளைகளுக்கு அந்தத் தகவல் கிடைத்துவிடும். முடிவு ரத்தானாலும் கேஷ் என்னும் இடைக்கால நினைவகத்தில் தடம் இருக்கும். ஆகவே லினக்ஸ் ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு பக்க அட்டவணைகள் வைத்தது. பயனர் நிலையில் ஓடும்போதுள்ள அட்டவணையில் கெர்னல் அநேகமாக இருக்காது. நுழைவதற்கான சிறு பகுதி மட்டும்தான். ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான கெய்சர் என்ற வேலையிலிருந்து வந்தது இது. ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) அட்டவணை மாறுவதால்தான் வேகம் குறைகிறது. அதிகம் அடிபடுவது டேட்டாபேஸ், நெட்வொர்க் வேலைகள். பெருக்கல் வகுத்தல் மட்டும் செய்துகொண்டிருக்கும் நிரலுக்கு வித்தியாசமே தெரியாது. உங்கள் வேலை எந்த ரகம் என்று பார்க்காமல் 'வேகமாகும்' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எல்லாத் தடுப்பும் வேகத்தைத் தின்பதும் இல்லை. 2018 ஆகஸ்டில் வெளியான எல்1டிஎஃப் பிழையில், 'இல்லை' என்று குறித்த பக்கப் பதிவில் மிச்சமிருக்கும் முகவரியை சிப் நம்பிவிடும். லினக்ஸ் அப்படிப்பட்ட பதிவுகளில் முகவரிப் பிட்டுகளைத் தலைகீழாக்கி எழுதுகிறது. அது சுட்டும் இடத்தில் நினைவகமே இருக்காது. செலவு அநேகமாகப் பூஜ்யம். 2019 மே மாதம் வந்த எம்டிஎஸ் பிழைக்கு, யாரும் சீண்டாமல் கிடந்த விஇஆர்டபிள்யூ என்ற பழைய கட்டளைக்கு மைக்ரோகோட் மூலம் உள் பஃபர்களைத் துடைக்கும் வேலையையும் கொடுத்தார்கள். கெர்னல் பயனர் நிலைக்குத் திரும்பும்போது அதை ஓட்டுகிறது.

எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்தால் கடைசியில் ஒவ்வொரு பிழைக்கும் உங்கள் சிப்பின் நிலை வரும். 'பாதிக்கப்படவில்லை' என்று பல வரிகள் வந்தால் நீங்கள் அணைத்து மிச்சம் பிடிக்கப்போவது ஒன்றுமில்லை. உலாவி இல்லாத, வெளியார் நுழையாத, உங்கள் நிரல் மட்டுமே ஓடும் கணக்கீட்டுக் கணினி என்றால் அணைத்து அளந்து பார்க்கலாம். கெர்னல் 5.2 முதல் இந்த ஒரே சொல் போதும். பலரின் வர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் ஹோஸ்ட்டில் அணைப்பது மற்றவர்களின் தகவலோடு விளையாடுவது.

ராஸ்பெர்ரி பை 3இல் 64 பிட் லினக்ஸ் தொடங்கும்போது 'ஏஆர்எம் எரேட்டம் 843419', '845719' என்று இரண்டு வரிகள் ஓடுகின்றன. போர்டு பழுதா?
— பாலிடெக்னிக் மாணவர், ஓசூர்

பழுதில்லை. எரேட்டம் என்றால் தயாரிப்பாளரே பட்டியலிட்ட சிப் பிழை; பன்மையில் எரேட்டா. போர்டிலுள்ள கார்டெக்ஸ்-ஏ53 கோரின் பதிப்பைக் கெர்னல் படித்துப் பார்த்து, 'இந்த இரண்டு பிழைகளுக்கும் மாற்று ஏற்பாடு செய்துவிட்டேன்' என்று சொல்கிறது.

843419: 4096 பைட் பக்கத்தின் கடைசி இரண்டு கட்டளை இடங்களில், அதாவது பதினாறடிமான எண்ணில் எஃப்எஃப்8 அல்லது எஃப்எஃப்சி என்று முடியும் முகவரியில், முகவரி கணக்கிடும் ஏடிஆர்பி கட்டளை இருந்து, தொடர்ந்து சில குறிப்பிட்ட கட்டளைகளும் வந்தால் தப்பான முகவரி கணக்காகலாம். கெர்னலை லிங்கர் தொகுக்கும்போதே தவிர்த்துவிடும். மாட்யூல்கள் பின்னால் ஏறுபவை. எங்கே போய் உட்காரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே மாட்யூல் ஏற்றும் நிரல் அந்த இரண்டு இடங்களில் ஏடிஆர்பி விழுகிறதா என்று பார்த்து, ஏடிஆர் கட்டளையாக மாற்றும். தூரம் எட்டவில்லை என்றால் வேறிடத்தில் ஒரு சிறு துண்டு எழுதி அங்கே தாண்டவைக்கும்.

845719: கெர்னலிலிருந்து 32 பிட் நிரலுக்குத் திரும்பியபின், கெர்னல் சற்றுமுன் படித்த 64 பிட் முகவரியின் கீழ் 32 பிட்டும் நிரல் படிக்கும் முகவரியும் ஒன்றாக அமைந்தால் தவறான தகவல் வரலாம். 32 பிட் நிரலுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் கான்டெக்ஸ்ட்ஐடிஆர் ரெஜிஸ்டரில் எழுதினால் போதும், பிழை எழாது.

கெர்னலை நீங்களே கம்பைல் செய்தால், மெனுவில் ஏஆர்எம் எரேட்டா பகுதியில் உள்ளவற்றை 'தேவையில்லை' என்று எடுத்துவிடாதீர்கள். மிச்சமாவது சில கிலோபைட். எடுத்தால் வருவது எப்போதாவது ஒருமுறை, காரணமே பிடிபடாத கிராஷ்.

எரேட்டா இல்லாத ப்ராஸஸர் எது?
— வாசகர், மதுரை

இன்னும் யாரும் சோதித்துப் பார்க்காதது.

என் நிரல் ஒரு கணினியில் மட்டும் கிராஷ் ஆகிறது. ப்ராஸஸர் பிழையாக இருக்குமோ?
— மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

சந்தேகத்தை முதலில் உங்கள் நிரல் மேல் வையுங்கள், அடுத்து ரேம் மேல், கடைசியில் ப்ராஸஸர் மேல். ஆனால் கடைசி இடமும் காலி இல்லை. ஓகேமல் மொழியில் எழுதிய நிரல்கள் சில ஸ்கைலேக் கணினிகளில் மட்டும் காரணமின்றி விழுந்தன. ஹைப்பர்த்ரெடிங்கை (ஒரு கோரில் இரண்டு த்ரெடை ஓட்டும் வசதி) அணைத்தால் நின்றது. ஓகேமல் ரன்டைமை, ஜிசிசி கம்பைலரின் வேகப்படுத்தும் நிலைகளில் -ஓ2க்குப் பதில் -ஓ1 கொடுத்துக் கம்பைல் செய்தாலும் நின்றது. இன்டெல் பட்டியலில் இருந்த பிழை அது: 64 கட்டளைக்குக் குறைவான சிறு லூப்பில் ஏஎச், பிஎச் போன்ற சிறு ரெஜிஸ்டரும் அதன் பெரிய உருவமும் கலந்து வந்து, ஒரே கோரின் இரண்டு த்ரெடும் ஓடிக்கொண்டிருந்தால் விடை கெடலாம். 2017 ஜூனில் டெபியன் இதைப் பரவலாக எச்சரித்தது. தீர்வு மைக்ரோகோட், அது வரும்வரை பயாஸில் ஹைப்பர்த்ரெடிங் அணைப்பு.

நீங்களும் அதே வரிசையில் போங்கள். அதே பைனரியை அதே மாடல் ப்ராஸஸர் உள்ள இன்னொரு கணினியில் ஓட்டுங்கள். அங்கே விழாவிட்டால் அநேகமாக ரேமோ வெப்பமோதான் காரணம். விழுந்தால் வேறு தலைமுறை சிப்பில் ஓட்டுங்கள். பிறகு மைக்ரோகோட் பதிப்பை ஏற்றி ஒருமுறை, ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்து ஒருமுறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். -ஓ1இல் கிராஷ் மறைந்ததை மட்டும் வைத்து சிப்பைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் நிரலில் ஒளிந்திருக்கும் தவறும் அப்படி மறையும்.

ஏஎம்டி ஏ4 லேப்டாப். கெர்னல் பதிவில் 'ஆர்டிரேண்டை மறைக்கிறேன்' என்று வருகிறது. பாதுகாப்புக் குறைவா?
— வாசகர், புதுச்சேரி

குறைவில்லை, கூடுதல். ஏஎம்டியின் 15எச், 16எச் குடும்பங்களில் சில கணினிகள் சஸ்பெண்டிலிருந்து எழுந்தபின், ரேண்டம் எண் தரும் ஆர்டிரேண்ட் கட்டளை எல்லாப் பிட்டும் 1 ஆன ஒரே எண்ணையே திரும்பத் திரும்பத் தந்தது. அதோடு 'வெற்றி' என்ற கொடியையும் உயர்த்தியது. தோல்வி என்று சொல்லியிருந்தால்கூட நிரல்கள் வேறு வழி பார்த்திருக்கும். ஆகவே 2019இல் லினக்ஸ் அந்த வசதியே இல்லை என்று நிரல்களிடம் சொல்லிவிடும்படி மாற்றினார்கள். கெர்னலின் ரேண்டம் எண்கள் பல மூலங்களைக் கலந்து வருவதால் இழப்பில்லை. சிபியுஇன்ஃபோவில் குடும்ப எண் பத்தடிமானத்தில் 21 அல்லது 22 என்று இருக்கும். ஆர்டிரேண்ட்=ஃபோர்ஸ் என்று கொடுத்துத் திரும்பக் கொண்டுவரலாம்; சஸ்பெண்டே செய்யாத கணினி தவிர வேறெங்கும் அதைச் செய்யக் காரணமில்லை.

13ஆம் தலைமுறை கோர் ஐ9 கணினி. கேம்கள் 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று மூடுகின்றன, பெரிய ஜிப் கோப்பு விரியும்போது பிழை. இயங்குதளத்தை மாற்றினால் தீருமா?
— வாசகர், சென்னை

தீராது. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் உள்ளே சர்க்யூட்டே தேய்ந்துபோவதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. 0எக்ஸ்129, பிறகு 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோட்கள் தேய்மானத்தைத் தடுப்பவை. தேய்ந்ததை மீட்பவை அல்ல. மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தையது உள்ள பயாஸைப் போட்டு, மின்சார அமைப்புகளை இன்டெல் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின்னும் ஜிப் விரிவதில் பிழை வந்தால், மெம்டெஸ்ட்டில் ரேம் தேறியதை உறுதிசெய்துகொண்டு வாரண்டி கேளுங்கள். பெட்டியில் விற்ற சிப்களுக்கு இன்டெல் 3 ஆண்டு வாரண்டியை 5 ஆக்கியிருக்கிறது. பில், சிப்பின் மூடியில் உள்ள எண்கள், பிழை வரும் திரையின் படம் மூன்றையும் முன்பே எடுத்துவையுங்கள். சிப்பைக் கழற்றும்போது பழைய தெர்மல் பேஸ்ட் அந்த எண்களை மறைத்திருக்கும்; ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள்.